வீட்டு இணையத்துக்கு எந்த மோடம்? – வாடகைப் பெட்டியும் சொந்தப் பெட்டியும்

சிலப்பதிகாரம் பற்றியும் சோழர் காலக் கல்வெட்டுகள் பற்றியும் பெரியவர்கள் எழுதுகிற நம் சங்க மலரில், மோடம் பற்றி எழுத வந்திருக்கிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். 1975 முதல் 2009 வரை 34 ஆண்டுகள் மும்பையில் தொலைபேசி வேலை பார்த்தவன் நான். அதுவும் அலுவலக நாற்காலியில் அல்ல. வெளிப்புறக் கேபிள் பிரிவில். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மழைக்காலத்தில் பள்ளத்துக்குள் இறங்கி, தண்ணீர் புகுந்த ஜாயின்ட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நான் பெற்ற கல்வி.

ஆனால் கடந்த சில ஆண்டுகளாகப் பொங்கல் விழாவானாலும் சரி, புத்தாண்டு விழாவானாலும் சரி, யாராவது ஒருவர் என்னைச் சாப்பாட்டுப் பந்தியில் பிடித்துக்கொள்கிறார். "சார், என் பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. நெட்டுக்கு மாசாமாசம் கொட்டிக் கொடுக்கறா. மோடம் சொந்தமா வாங்கிட்டா மிச்சம்னு சொல்றாங்களே, நிஜமா?" என்பதுதான் கேள்வி. பாயசம் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஆகவே மலர்க் குழுவினர் கேட்டபோது, இதையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என் அறிவை மட்டுமல்ல, நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பில்லில் ஒரு வரி

2022 மே மாதம் நானும் என் மனைவியும் நியூஜெர்சியில், எடிசனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். ஆறு மாதத் தங்கல். மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. புது நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு அவளுக்குக் கூட்டம். கணினியில் முகம் பார்த்துப் பேசுகிற கூட்டம். பேசிக்கொண்டே இருக்கும்போது படம் உறைந்து நிற்கும், குரல் உடையும், சில நாள் இரண்டு மூன்று நிமிடம் இணைப்பே அறுந்துபோகும். ஒருநாள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் கண்ணில் நீர்.

"மாமா, இன்னிக்கு நான்தான் பேசணும். பாதி யாருக்கும் கேக்கவே இல்ல. 'முதல்ல உங்க வீட்டு நெட்டைச் சரி பண்ணிக்கோங்க'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார் மேனேஜர்."

மகன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அவர்களுக்கு இருந்தது கேபிள் டிவி கம்பி வழியே வரும் 300 மெகாபிட் திட்டம். அதை 1000 மெகாபிட்டாக உயர்த்திவிடலாம், மாதம் 40 டாலர்தான் கூடுதல் என்றான். கேபிள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் புகார் செய்தபோது அவர்கள் சொன்ன யோசனையும் அதுதான்.

"கொஞ்சம் பொறுப்பா, அந்த பில்லைக் காட்டு" என்றேன்.

பில்லில் இணையக் கட்டணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: கருவி வாடகை, 15 டாலர். அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து மூன்று வருடம். 36 மாதம், 540 டாலர். என் மனைவி கணக்குக் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு நாலு பொட்டி சொந்தமா வாங்கியிருக்கலாமே! நாம தாதர்ல குடியிருந்தப்போ கூட ஃபேனுக்கு வாடகை கொடுத்ததில்லையேங்க" என்றாள். அன்றுதான் நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன்.

மோடம் என்ன செய்கிறது?

கணினிக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே எழுத்துதான். கேபிள் டிவி கம்பிக்குத் தெரிந்ததோ ரேடியோ அலை. ஒன்றின் பேச்சை மற்றதன் பேச்சாக மாற்றுகிற துபாஷிதான் மோடம். அலையின் மேல் செய்தியை ஏற்றுவது பண்பேற்றம், இறக்குவது பண்பிறக்கம். ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களின் தலைகளையும் சேர்த்துத்தான் மோடம் என்று பெயர் வைத்தார்கள்.

கேபிள் டிவி அமெரிக்காவில் 1948 வாக்கில் தோன்றியது. ஆன்டெனாவில் படம் எட்டாத மலைப்பாங்கான ஊர்களில், உயரமான இடத்தில் ஒரே பெரிய ஆன்டெனா நட்டு, அங்கிருந்து வீடுவீடாகக் கம்பி இழுத்தார்கள். அது ஒருவழிப் பாதை. இணையத்துக்கோ நாம் கேட்கவும் வேண்டும், பதில் வரவும் வேண்டும். ஆகவே பிற்காலத்தில் அந்தப் பாதையை இருவழிப் பாதையாக மாற்றினார்கள். ஆனாலும் வருகிற பாதை அகலம், போகிற பாதை குறுகல். கேபிள் இணையத்தில் இறக்கும் வேகம் நூற்றுக்கணக்கிலும், ஏற்றும் வேகம் பத்து இருபதிலும் நிற்பது இதனால்தான்.

கடையில் வாங்கும் உரிமை எப்படி வந்தது?

நம் ஊரில் கறுப்புத் தொலைபேசிக் கருவி வீட்டு வரவேற்பறையில் இருந்தாலும், துறையின் சொத்தாகவே இருந்த காலத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. டெக்சாஸ்காரரான தாமஸ் கார்ட்டர் என்பவர் ரேடியோப் பேச்சைத் தொலைபேசியோடு இணைக்கும் ஒரு கருவியைச் செய்து விற்றார். தொலைபேசி நிறுவனம் எதிர்த்தது. 1968-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குக் கேடு செய்யாத கருவியை வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் தன் சொந்தக் கருவியை மாட்டும் உரிமைக்கு அதுவே அடிக்கல்.

உரிமை இருந்தால் போதுமா? பொதுவான மொழியும் வேண்டும். முதலில் வந்த கேபிள் மோடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசின. லேன்சிட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ரூஸ்பே யாசினி என்ற ஈரானிய-அமெரிக்கரைக் கேபிள் மோடத்தின் தந்தை என்பார்கள். 1988-இல் தொடங்கப்பட்ட கேபிள்லேப்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் மூலம் கேபிள் கம்பெனிகள் ஒன்றுகூடி, 1997-இல் டாக்சிஸ் என்ற பொது விதியை வெளியிட்டன. அதன் பிறகுதான் எந்தக் கம்பெனி செய்த மோடமும் எந்தக் கேபிளிலும் பேச வழி பிறந்தது. கடையிலும் விற்பனைக்கு வந்தது. 2006-இல் டாக்சிஸ் 3.0, 2013-இல் 3.1 என்று விதி வளர்ந்தது. 4.0-உம் வந்துவிட்டது, ஆனால் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் இப்போது பார்க்க வேண்டியது 3.0, 3.1 என்ற இந்த இரண்டு எண்களைத்தான்.

ஒற்றைப் பெட்டியா, தனித்தனியா?

வாடகைக்குத் தருகிற பெட்டி பெரும்பாலும் இரண்டு வேலை பார்க்கும். உள்ளே மோடமும் இருக்கும். வீடு முழுக்க வைஃபை பரப்புகிற ரவுட்டரும் இருக்கும். மோடம் என்பது தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள வாசற்கதவு. ரவுட்டர் என்பது வீட்டுக்குள் யார் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று வழிகாட்டுகிறவர்.

இரண்டையும் தனித்தனியாக வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. காரணம் மூன்று. முதலாவது, மோடத்தின் விதி மெதுவாகத்தான் மாறுகிறது. வைஃபை அப்படியல்ல, வைஃபை 5, 6, 7 என்று சில வருடத்துக்கு ஒருமுறை புதிது வருகிறது. ஒட்டுப்பெட்டியில் வைஃபை பழசானால் நல்ல மோடத்தையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டும். இரண்டாவது, மோடம் இருக்க வேண்டிய இடம் கம்பி உள்ளே வரும் மூலை. ரவுட்டர் இருக்க வேண்டியது வீட்டின் நடுக்கூடம். ஒட்டிப் பிறந்தவை என்றால் இரண்டுக்கும் ஒரே இடம்தான். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: கோளாறு வந்தால், அது கம்பியிலா, காற்றிலா என்று தனித்தனிப் பெட்டியில் உடனே பிரித்துப் பார்க்கலாம். பழுதைப் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம்.

எத்தனை பெட்டி ரயில்?

மோடத்தின் அட்டையில் 8x4, 16x4, 24x8, 32x8 என்று போட்டிருப்பார்கள். கடையில் நிற்கிறவரை மிரட்டுவது இந்த எண்தான். மும்பைக்காரர்களுக்கு இது மிகச் சுலபம். நம் லோக்கல் ரயிலில் 12 பெட்டி வண்டி, 15 பெட்டி வண்டி என்று அறிவிப்பதில்லையா? அதேதான். முதல் எண் வருகிற வண்டியின் பெட்டிகள். இரண்டாவது எண் போகிற வண்டியின் பெட்டிகள்.

அமெரிக்கக் கேபிளில் ஒரு டிவி சேனலுக்கு ஒதுக்கிய இடம் 6 மெகாஹெர்ட்ஸ். அந்த ஒரு இடத்தில் டாக்சிஸ் 3.0 விதிப்படி விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் செய்தி வரும். 8 தடம் என்றால் சுமார் 304. 16 தடம் என்றால் சுமார் 608. 24 தடம் என்றால் 900-ஐத் தாண்டும். ஆனால் இந்த வண்டியில் நாம் மட்டும் பயணிப்பதில்லை. தெருவில் உள்ள வீடுகள் எல்லாம் அதே தடங்களைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. 300 மெகாபிட் திட்டத்துக்கு 8 தட மோடம் காகிதத்தில் போதும். மாலை ஏழு மணிக்குப் போதாது. நிறையத் தடம் இருந்தால், ஒன்று நெரிசலானாலும் மற்றதில் ஏறிக்கொள்ளலாம். ஆகவே திட்டத்தின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு உள்ளதாகப் பார்ப்பது என் விதி.

அதற்காக 32 தட மோடத்தை வாங்கினால் வேகம் தானாகக் கூடிவிடுமா? கூடாது. 15 பெட்டி வண்டியை 12 பெட்டி பிளாட்பாரத்தில் நிறுத்தினால் கடைசி மூன்று பெட்டி வெளியேதான் நிற்கும். கேபிள் நிறுவனம் அந்தத் தெருவில் எத்தனை தடம் விடுகிறதோ, நாம் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோமோ, அதற்கு மேல் ஒரு துளியும் வராது. மோடம் வேகத்தை உண்டாக்குவதில்லை. வருகிற வேகத்தைத் தடுக்காமல் இருப்பதுதான் அதன் வேலை.

டாக்சிஸ் 3.1 இந்தத் தடக் கணக்கையே மாற்றியது. 192 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான ஒரே பெரும் பாதையாக அனுப்பும் முறை அதில் வந்தது. ஆயிரம் மெகாபிட் திட்டத்துக்கு 3.1-தான் சரி. இரைச்சல் உள்ள கம்பியிலும் பிழை திருத்துவதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும்.

என் முதல் தவறு

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நான் வழுக்கி விழுந்தேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார், மோடம் 25 டாலருக்குக் கொடுக்கிறார் என்று மகன் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். 16 தடம், பார்க்கப் புதுசு. நடந்தே போய் வாங்கிவந்துவிட்டேன். சிக்கனம் நம் ரத்தத்தில் ஊறியது.

கம்பியை மாட்டிவிட்டுக் கேபிள் நிறுவனத்தை அழைத்தோம். ஏனென்றால் மோடத்தை மாட்டினால் மட்டும் போதாது. அதன் அடியில் ஒட்டியிருக்கும் அடையாள எண்ணை நிறுவனம் தன் ஏட்டில் பதிவு செய்தால்தான் இணைப்பு உயிர் பெறும். எண்ணைச் சொன்னோம். "இது எங்கள் வாடகைப் பெட்டி, வேறொருவர் கணக்கில் இருக்கிறது" என்று பதில் வந்தது. விற்றவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டியை நம் தலையில் கட்டிவிட்டார்! மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. 25 டாலர் போயிற்று. அந்தப் பெட்டியை நிறுவனத்தின் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். நிறுவனத்தின் வலைத்தளத்தில் அவர்கள் ஏற்கும் மோடங்களின் பட்டியல் இருந்தது. அதில் உள்ள, 24 தடம் கொண்ட தனி மோடம் ஒன்றைப் புதிதாக 80 டாலருக்கு வாங்கினோம். ரவுட்டர் ஒன்று 70 டாலர். பதிவு செய்தோம். கால் மணி நேரத்தில் இணைப்பு வந்தது. வேகம் அளந்து பார்த்தால் 300-க்கும் சற்று மேல். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மனைவி கேசரி கிளறினாள்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு மருமகளின் படம் மறுபடியும் உறைந்து நின்றது.

அடித்தளத்தில் ஒரு ஜாயின்ட்

"பரவால்ல மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் அவள். அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. மகன் எதுவும் சொல்லவில்லை. 1000 மெகாபிட் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை. 34 வருடம் நான் செய்த வேலை என்ன? வீட்டுக்காரர் "போன் சரியில்லை, புதுக் கருவி கொடுங்கள்" என்பார். நாங்கள் கருவியைத் தொடவே மாட்டோம். முதலில் கம்பியைச் சோதிப்போம். பத்துக்கு ஒன்பது ஜாயின்ட்டில்தான் இருக்கும் பழுது. அந்தப் பாடத்தையே மறந்து, பளபளக்கும் பெட்டியின் பின்னால் போயிருக்கிறேனே என்று எழுந்து உட்கார்ந்தேன்.

பெரும்பாலான கேபிள் மோடங்களுக்கு உள்ளே ஒரு தகவல் பக்கம் உண்டு. கணினியில் 192.168.100.1 என்று அடித்தால் திறக்கும். அதில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வருகிற சிக்னலின் பலம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில், கூடினால் 7, குறைந்தால் மைனஸ் 7 வரை இருப்பது நலம். எங்கள் வீட்டில் மைனஸ் 12. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 3 குறையும்போதும் பலம் பாதியாகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். 33-க்கு மேல் இருக்க வேண்டும். இருந்தது 32, சில தடங்களில் 31.

மூன்றாவது, மோடம் திருப்பிப் பேசும் குரலின் பலம். இது 35-இலிருந்து 48 வரை இருக்கலாம். இருந்தது 51. அதாவது காது கேளாத பெரியவரிடம் பேசுகிற மாதிரி, மோடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கும் மேல் கத்த அதற்குச் சக்தி இல்லை. வேகம் அளக்கும்போது எல்லாம் நன்றாகத் தெரிவதும், பேசும்போது மட்டும் குரல் உடைவதும் இதனால்தான். கூட்டத்தில் நம் முகமும் குரலும் போவது அந்தக் குறுகலான திரும்பு பாதையில் அல்லவா?

மகனையும் கூட்டிக்கொண்டு டார்ச் விளக்கோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். தெருவிலிருந்து வரும் கம்பி அங்கே நான்கு கிளையாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டருக்குள் நுழைந்தது. முன்பு குடியிருந்தவர்கள் நான்கு அறையில் டிவி வைத்திருக்கிறார்கள். மகன் வீட்டில் கேபிள் டிவியே கிடையாது; எல்லாம் இணையம் வழிதான். மூன்று கிளைகள் சும்மா திறந்து கிடந்தன. நான்கு கிளை ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளைக்கும் சுமார் 7 டெசிபலைத் தின்றுவிடும். வந்த பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மோடத்துக்குப் போயிருக்கிறது. போதாக்குறைக்கு ஈரம் பட்டு, ஒரு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குச் செம்பூர் பள்ளம் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றி எறிந்தோம். களிம்பு பிடித்த முனையை வெட்டிவிட்டுப் புது முனை போட்டோம். இரண்டு கம்பியையும் நேராகச் சேர்க்கும் சின்னத் திருகு இணைப்பான் ஒன்றை மாட்டினோம். அதன் விலை இரண்டு மூன்று டாலருக்குள். மேலே வந்து பக்கத்தைத் திறந்தால், வருகிற பலம் மைனஸ் 5; விகிதம் 37; திருப்பிப் பேசும் குரல் 44. மறுநாள் காலைக் கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறைகூட அறுபடவில்லை.

வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இதிலிருந்து நான் கற்றதை வரிசையாகத் தருகிறேன். பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

1. முதலில் கம்பி, பிறகு பெட்டி. மேலே சொன்ன மூன்று எண்களைப் பார்க்காமல் மோடமும் வாங்காதீர்கள், திட்டத்தையும் உயர்த்தாதீர்கள். தேவையற்ற ஸ்ப்ளிட்டரைக் கழற்றுங்கள். வீட்டுக்கு வெளியே உள்ள கம்பியில் பழுது என்றால் அதை நீங்கள் தொட வேண்டாம். சரிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பு.

2. பில்லில் வாடகை என்று தனியாக வரி இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் மோடத்துக்குத் தனி வாடகை வாங்குவதில்லை. அங்கே சொந்த மோடத்தால் லாபம் குறைவு. சில திட்டங்களில் வாடகைப் பெட்டியோடு வேறு சலுகையும் சேர்ந்திருக்கும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

3. நிறுவனத்தின் ஏற்புப் பட்டியலில் அந்த மாடல் எண், உங்கள் திட்டத்தின் வேகத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பழைய 3.0 மோடங்களைப் படிப்படியாகக் கைவிடுகிற நிறுவனங்களும் உண்டு. 2022-இல் எங்களுக்கு 3.0 போதுமானதாக இருந்தது. இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு, விலை சற்றுக் கூடினாலும், 3.1 வாங்கச் சொல்வேன். கூடுதல் ஏற்றும் வேகத்தைக் குறிப்பிட்ட 3.1 மோடங்களுக்கு மட்டும் தருகிற இடங்களும் இருக்கின்றன.

4. கேபிள் நிறுவனத்தின் வழியாகவே வீட்டுத் தொலைபேசியும் வைத்திருந்தால் சாதாரண மோடம் ஆகாது. தொலைபேசிக்கான துளை உள்ள தனி வகை வேண்டும்.

5. உள்ளே இருக்கும் சில்லையும் விசாரியுங்கள். இன்டெல் நிறுவனத்தின் பூமா 6 என்ற சில்லு உள்ள மோடங்களில் விட்டுவிட்டுத் தாமதம் ஏற்படுகிற குறை 2016 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. 32 தடம் என்று பெருமையாக விற்கப்பட்ட சில மாடல்களிலும் அந்தச் சில்லு இருந்தது. பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

6. பழைய பெட்டியை முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் பணம் கொடுப்பதற்கு முன் அடையாள எண்ணை நிறுவனத்திடம் சொல்லிக் கேளுங்கள்.

7. வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் திருப்பிக் கொடுத்த அடுத்த மாதமும் அந்த 15 டாலர் பில்லில் வந்தது. ரசீதைக் காட்டிய பிறகுதான் கழித்தார்கள். வாடிக்கையாளர் தன் சொந்தக் கருவியை வைத்திருக்கும்போது அதற்கு வாடகை வசூலிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2019-இல் சட்டமே போட்டு, 2020 டிசம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வரவு செலவு

மோடம் 80, ரவுட்டர் 70, என் பேராசைக்கு விலை 25, பேஸ்மென்ட்டில் சில்லறைச் செலவு சுமார் 5. ஆக 180 டாலர். வாடகை மிச்சம் மாதம் 15 வீதம் சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் ஈடாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் லாபம்தான். ஆனால் உண்மையான லாபம் அதுவல்ல. தேவையில்லாத திட்டத்துக்கு மாதம் 40 டாலர், வருடத்துக்கு 480 டாலர் கட்டவிருந்தோமே, அது நின்றதுதான். அதைத் தடுத்தது எங்கள் புது மோடம் அல்ல, ஒரு சின்னத் திருகு இணைப்பான்.

இங்கே கொண்டுவரலாமா?

"அங்கே மலிவாக் கிடைக்கிற மோடத்தை மும்பைக்கு எடுத்துட்டு வந்துடலாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அமெரிக்க மோடம் 6 மெகாஹெர்ட்ஸ் தடத்துக்குச் செய்தது. நம் நாட்டு டிவி சேனலின் இடம் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ். அதைவிட முக்கியம், இங்குள்ள நிறுவனம் அதன் எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பையிலும் கேபிள் டிவி கம்பி வழியே இணையம் வாங்கிப் பயன்படுத்தினோம். இன்று புது இணைப்புகள் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். அதற்குக் கேபிள் மோடம் எந்த விதத்திலும் உதவாது. ஒளியை மின்சாரமாக மாற்றும் வேறு பெட்டி வேண்டும். அதை நிறுவனமே கொடுக்கிறது.

ஆனால் பாடம் ஒன்றுதான். அந்தப் பெட்டியிலும் ஒளியின் பலத்தைக் காட்டும் எண் உண்டு. பொதுவான வகைப் பெட்டிகளுக்கு அது மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஆபத்து. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. டோம்பிவிலியில் என் நண்பர் வீட்டில் அலமாரியை நகர்த்தும்போது இழை மடங்கி நசுங்கியிருந்தது. அவரும் திட்டத்தை உயர்த்தத்தான் நினைத்தார். அலமாரியை நாலு அங்குலம் தள்ளிவைத்து, இழையை வளையாமல் விட்டோம். சரியாகிவிட்டது.

நாங்கள் அக்டோபரில் ஊர் திரும்பினோம். அதற்கு முன்பே, ஆகஸ்டில், மருமகளுக்கு வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. அவள் திறமைக்கு வந்த கடிதம் அது. கழற்றிப்போட்ட அந்த ஸ்ப்ளிட்டரை மட்டும் மகன் தூக்கி எறியாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறான். "இருக்கட்டும்பா, அடுத்த தடவை வேகம் பத்தலைன்னு தோணும்போது எடுத்துப் பாத்துக்கறேன்" என்கிறான்.

நம் சங்க அன்பர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அடுத்த விழாவில் தாராளமாகக் கேளுங்கள். பாயசம் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வேன்.